டீக்குக் கூப்பிட்டால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்: ஆங்கிலம் பேசும் நாடுகளின் சாப்பாட்டு வேளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள் என்று இந்த விஷயத்தை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நான் வட இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்து ஊரான லீட்ஸில் ஆறு வருடம், மெல்பர்னில் நாலு வருடம் இருந்தேன். இரண்டு ஊரிலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆனால் டின்னர், லஞ்ச், டீ, சப்பர் என்ற நாலு சொல்லும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு வேளையைக் குறிக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

டின்னர் என்றால் ராத்திரிச் சாப்பாடுதானே, இதில் என்ன குழப்பம்?

நம் பள்ளிப் புத்தகம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் டின்னர் என்ற சொல்லுக்கு ‘அன்றைக்கு உள்ள பெரிய சாப்பாடு’ என்பதுதான் பொருள், ராத்திரி என்பது அதில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது; வேரைத் தோண்டிப் பார்த்தால் பட்டினியை முறிப்பது என்று அர்த்தம், பிரேக்ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கும் அதே அர்த்தம்தான்.

இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக டின்னர் பகல் சாப்பாடாகத்தான் இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே சமைத்துச் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி செலவு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பணக்காரர்கள் டின்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போய் மாலை ஏழு, எட்டு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நகரத்தில் அலுவலகம் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம் என்று ஆனபோது மற்றவர்களாலும் மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. நடுவில் விழுந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் லஞ்ச். வயலிலும் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்களுக்கு மட்டும் மதியச் சாப்பாடே டின்னராக நின்றது. ஆகவே லண்டன் வக்கீல் வீட்டில் டின்னர் ராத்திரி எட்டு மணிக்கு, யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பகல் பன்னிரண்டரைக்கு. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் டின்னரையே பாருங்கள். ராத்திரிதான் டின்னர் என்று அடித்துச் சொல்கிற குடும்பம்கூட அதைப் பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் சாப்பிடும்.

பையன் பள்ளியில் ‘டின்னர் மணி’ என்று காசு கேட்கிறார்கள். ராத்திரி வரைக்கும் பள்ளியிலேயே வைத்துக்கொள்வார்களா?

இல்லை, அது மதியச் சாப்பாட்டுக்கான காசு. பிரிட்டனில் பள்ளியில் கொடுக்கும் சூடான மதிய உணவுக்கு ஸ்கூல் டின்னர் என்றுதான் பெயர், பரிமாறுகிற பெண்களை டின்னர் லேடி என்பார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், ஒரே பெஞ்சில், ஒரே மணிக்கு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகளில் பள்ளிச் சாப்பாடு சாப்பிடுகிற குழந்தை டின்னர் சாப்பிடுகிறது, வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த குழந்தை பேக்டு லஞ்ச் சாப்பிடுகிறது. படிவத்தில் இரண்டில் ஒன்றைக் குறிக்கச் சொல்வார்கள், பதற வேண்டாம்.

இங்கிலாந்தில் ஒருவர் “டீக்கு வா” என்கிறார். பிஸ்கட்டா, சாப்பாடா?

எந்த ஊர், எத்தனை மணி என்று பாருங்கள். வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்தில் பல இடங்கள், இங்கெல்லாம் மாலை ஐந்து, ஐந்தரை, ஆறு என்று சொன்னால் அது முழுச் சாப்பாடு. வேலை விட்டு வந்த உடம்புக்குப் போடுகிற சாப்பாடு.

லீட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். நான் குடிபோன இரண்டாம் வாரம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு “நாளைக்கு உன் டீக்கு இங்கே வந்துவிடு, லவ்” என்றார். ‘லவ்’ என்பது அந்தப் பக்கத்தில் கடைக்காரர், பஸ் டிரைவர் எல்லாரும் வாய்க்கு வாய் சொல்வது, நம்மூர் ‘கண்ணு’ மாதிரி. சரி, தேநீரும் கேக்கும்தானே என்று நாலு மணிக்கே சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்குப் போனேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சீஸும் வெங்காயமும் உள்ளே வைத்து மாவால் மூடிச் சுட்ட ‘பை’, அதன் மேல்தோல் பொரிந்து ஓரத்தில் சீஸ் வழிந்து கருகியிருந்தது. அவித்த உருளைக்கிழங்கு, பட்டாணி, தடியாக வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகள், கம்பளியில் பின்னிய குல்லா போட்ட டீ பாட். தட்டுகளைக்கூடச் சூடுபண்ணி வைத்திருந்தார். நான் கறி சாப்பிட மாட்டேன் என்று எப்போதோ ஒரு பேச்சில் சொன்னதை நினைவு வைத்துக்கொண்டு செய்த பை அது. முடிந்தவரை சாப்பிட்டேன், பாதியை வைத்துவிட்டேன், அவர் முகம் சின்னதாகிப் போனது இன்னும் நினைவில் இருக்கிறது. அலமாரி மேல் இன்னொரு தட்டு, அலுமினியத் தாள் போட்டு மூடியிருந்தது. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து பத்தரைக்கு வரும் மகனுக்கு எடுத்துவைத்த டீ.

சொல் தெரியாததால் ஒரு நல்ல மனுஷியின் உழைப்பு தட்டில் மீந்துவிட்டது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நம்மூர் ஓட்டல்களில் ‘ஹை டீ’ என்று போடுகிறார்களே, அது இதுதானா?

ஓட்டல்கள் கொடுப்பது ஆஃப்டர்நூன் டீ. மூன்றடுக்குத் தட்டில் விரல் அளவு சாண்ட்விச், ஸ்கோன் என்கிற மெத்தென்ற குட்டி ரொட்டி, சின்னக் கேக். 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா தொடங்கிவைத்த வழக்கம் என்பார்கள். டின்னர் எட்டு மணிக்குத் தள்ளிப்போனதால் நாலு மணிக்குப் பசி வந்தது, அவ்வளவுதான். ஹை டீ அதற்கு நேர் எதிர்: உழைக்கிற வீடுகளில் ஆறு மணிக்கு, இறைச்சியோ மீனோ முட்டையோ வைத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. ‘ஹை’ என்பதற்கு உயர்தரம் என்று பொருள் கொண்டு ஓட்டல்காரர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். உயரமான மேசை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சீமாட்டிகள் வரவேற்பறையில் தாழ்வான மேசையில் வைத்துக் குடித்தார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன், கார்ன்வால் பக்கம் போனால் கிரீம் டீ கிடைக்கும், அதாவது ஸ்கோன், ஜாம், கெட்டியான கிரீம், தேநீர். டெவனில் கிரீமை முதலில் தடவி மேலே ஜாம், கார்ன்வாலில் ஜாம் முதலில். உண்மையாகவே சண்டை போட்டுக்கொள்வார்கள், பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

சப்பர்?

இதுதான் எல்லாவற்றிலும் வழுக்குகிற சொல். தென் இங்கிலாந்தில் வசதியான வீடுகளில் சப்பர் என்றால் வீட்டுக்காரர்களோடு சமையலறை மேசையில் எளிமையாகச் சாப்பிடும் ராத்திரிச் சாப்பாடு. விருந்தாளிக்கு மெனக்கெட்டுச் செய்தால் அது டின்னர். வடக்கே டீயை ஐந்தரைக்கே முடித்துவிடுவதால் படுக்கும் முன் சாப்பிடும் ஒரு டோஸ்ட், ஒரு கப் பால், இதுதான் சப்பர்.

ஸ்காட்லாந்தில் மீன் வறுவல் கடைக்குப் போய் ‘ஃபிஷ் சப்பர்’ என்று கேட்டால் மீனோடு சிப்ஸும் சேர்த்துத் தருவார்கள், பகல் ஒரு மணிக்குக் கேட்டாலும் அது சப்பர்தான். மீன் மட்டும் வேண்டுமென்றால் ‘சிங்கிள்’ என்று சொல்ல வேண்டும். எடின்பரோவில் மேலே ‘சால்ட் அண்ட் சாஸ்’, கிளாஸ்கோவில் ‘சால்ட் அண்ட் வினிகர்’.

சிங்கப்பூரில் நம் மக்களுக்கே இது தெரியும். அங்கே சப்பர் என்பது டின்னரும் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கூட்டாளிகளோடு போய்ப் பரோட்டாவும், ‘தே தாரிக்’ என்கிற நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரும் சாப்பிடுவது.

அமெரிக்காவில் எப்படி? கனடாவில்?

நகரங்களில் லஞ்ச், டின்னர் என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும், நேரம் மட்டும் நமக்கு ரொம்ப சீக்கிரம். ஐந்தரை, ஆறு மணிக்கே டின்னர் முடித்துவிடும் வீடுகள் ஏராளம். தெற்கு மாநிலங்களிலும் நடுமேற்கின் விவசாயக் குடும்பங்களிலும் வயதானவர்கள் இன்னும் மதியத்தை டின்னர், ராத்திரியை சப்பர் என்பார்கள். மினசோட்டா பக்கம் சர்ச்சில் ‘ஹாட்டிஷ்’ என்று வைப்பார்கள், மற்ற ஊரில் கேசரோல் என்று சொல்லும் அதே அடுப்பில் வேகவைத்த ஒரே பாத்திரச் சாப்பாடு. அனேகமாக உள்ளே மாட்டுக்கறிக் கொத்து இருக்கும், கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங் அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நாலாவது வியாழன், 1941இல் சட்டமாகவே ஆக்கினார்கள். கனடாவில் அக்டோபர் இரண்டாவது திங்கள். இந்த டின்னருக்குக் கூப்பிட்டால் நேரத்தைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். பல வீடுகளில் பகல் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுவார்கள், ராத்திரி ஏழு என்று நினைத்துப் போனால் வான்கோழி எலும்புதான் இருக்கும்.

கனடாவில் சப்பர் என்ற சொல் இன்னும் நிறையப் புழங்குகிறது. கியூபெக்கில் பிரெஞ்சு பேசுபவர்கள் இன்றைக்கும் பகல் சாப்பாட்டைத்தான் தீனே என்கிறார்கள், ராத்திரி சாப்பாடு சூப்பே. பாரிஸில் தீனே ராத்திரி. பாருங்கள், பிரெஞ்சிலும் இதே தகராறுதான். நியூஃபவுண்ட்லாந்தில் உப்பிட்ட மாட்டிறைச்சியோடு முட்டைக்கோஸ், கேரட், உருளை எல்லாம் ஒன்றாக அவித்துச் செய்யும் ஜிக்ஸ் டின்னர், ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு உள்ளது.

ஆஸ்திரேலியாவில் “பிரிங் எ பிளேட்” என்றார்கள். அவர்கள் வீட்டில் தட்டு பத்தாதா?

தட்டு நிறைய இருக்கும். ஒரு தட்டில் ஏதாவது பலகாரம் செய்து கொண்டு வா, எல்லாரும் பகிர்ந்து சாப்பிடலாம் என்று அர்த்தம். நியூஸிலாந்திலும் இதே வழக்கம். முன்பெல்லாம் ஊர்க்கூட அழைப்பில் ‘பெண்கள் ஒரு தட்டு’ என்றே எழுதுவார்களாம். வெறும் தட்டோடு போய் நின்ற குடியேறிகளின் கதை அங்கே தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. அமெரிக்காவில் இதைப் பாட்லக் என்பார்கள். மெல்பர்னில் நான் எப்போதும் மசால் வடை கொண்டுபோவேன். ஆறினாலும் சாப்பிடலாம், ஸ்பூன் வேண்டாம், பருப்பு, வெங்காயம், சோம்பு என்று உள்ளே உள்ளதை ஒரு சீட்டில் எழுதி ஓரத்தில் வைத்துவிட்டால் ஒவ்வாமை உள்ளவர்கள் நிம்மதியாக எடுப்பார்கள்.

வேளைப் பெயர்களும் அங்கே தனிச் சுகம். காலை பத்தரைக்கு மார்னிங் டீ, அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் இந்த நேரத்தில்தான் கேக். கட்டட வேலை செய்பவர்களுக்கு அதே இடைவேளை ‘ஸ்மோக்கோ’, சிகரெட் பிடிக்காதவருக்கும் ஸ்மோக்கோதான். குயின்ஸ்லாந்து பள்ளிகளில் லிட்டில் லஞ்ச், பிக் லஞ்ச் என்று இரண்டு தடவை மணி அடிப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டை டீ என்பவர்கள் கிராமத்திலும் பெரியவர்களிடத்திலும் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம் சாசேஜ் சிஸில். இரும்புத் தகட்டில் வாட்டிய சாசேஜை ஒற்றை ரொட்டித் துண்டில் மடித்து வெங்காயத்தோடு கொடுப்பது. தேர்தல் நாளில் பள்ளி வாசலில் நிதி திரட்ட இதை விற்பார்கள். ஓட்டுப் போடுவது அங்கே கட்டாயம், ஆகவே கூட்டத்துக்குக் குறைவில்லை. ‘டெமாக்ரசி சாசேஜ்’ என்ற பெயர் அவ்வளவு பரவி 2016இல் ஆஸ்திரேலிய தேசிய அகராதி மையம் அதை அந்த ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது.

கிரிக்கெட்டில் லஞ்ச், டீ என்கிறார்களே, அதுவும் இந்த டீதானா?

இல்லை, அது ஆஃப்டர்நூன் டீ வகை. டெஸ்ட் ஆட்டத்தில் லஞ்சுக்கு 40 நிமிடம், டீக்கு 20 நிமிடம் என்பதிலேயே எது சாப்பாடு, எது சிற்றுண்டி என்று தெரிந்துவிடும். 2015இல் அடிலெய்டில் பகலிரவு டெஸ்ட் வந்த பிறகு டின்னர் இடைவேளை என்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது.

தென்னாப்பிரிக்கா?

‘பிராய்’ என்று கூப்பிட்டால் கரி அடுப்பில் இறைச்சி வாட்டிச் சாப்பிடும் கூட்டம். நெருப்பு கனிந்து வரவே நேரமாகும், ஒரு மணிக்குப் போனால் மூன்று மணிக்குச் சாப்பாடு. செப்டம்பர் 24 அங்கே பாரம்பரிய தினம், அதையே பிராய் தினம் என்றும் கொண்டாடுகிறார்கள். கத்தரிக்காயை அங்கேயும் நம்மைப் போல பிரிஞ்சால் என்றுதான் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஓபர்ஜீன், அமெரிக்காவில் எக்பிளான்ட். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஜனங்களின் வாரிசுகள் டர்பனில் இருக்கிறார்கள், அந்த ஊர் இந்தியர்கள் உலகத்துக்குக் கொடுத்த பன்னி சோவைத் தவறவிடாதீர்கள். ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றித் தருவது, கையால்தான் சாப்பிட வேண்டும்.

மெனுவில் எந்தச் சொல்லைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

‘ஆந்த்ரே’ என்பது ஆஸ்திரேலியாவில் முதலில் வரும் சின்னத் தட்டு, அமெரிக்காவில் அதுவே முக்கியச் சாப்பாடு. சிப்ஸ் கேட்டால் லண்டனில் சூடான உருளைக்கிழங்கு விரல்கள், நியூயார்க்கில் பாக்கெட் வறுவல். அமெரிக்க பிஸ்கட் மெத்தென்று இருக்கும், குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள். லெமனேட் இங்கிலாந்தில் நுரைக்கிற சோடா. சைடர் அமெரிக்காவில் பெரும்பாலும் வெறும் ஆப்பிள் சாறு, பிரிட்டனில் மது. குழந்தைக்கு வாங்குமுன் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். பிரிட்டனில் ‘புட்டிங்’ என்றால் பொதுவாகச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு, ஆனால் பிளாக் புட்டிங் ரத்தத்தில் செய்வது, யார்க்ஷயர் புட்டிங் முட்டை மாவில் செய்து பல வீடுகளில் மாட்டுக் கொழுப்பில் சுடுவது. பெயரில் கொத்துக்கறி இருந்தாலும் ‘மின்ஸ் பை’யில் இப்போது கறி கிடையாது, உலர்பழம்தான். ஆனால் அதில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் இன்னும் உண்டு, தாவரக் கொழுப்பு போட்டதும் கிடைக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். யார்க்ஷயரில் பல கடைகளில் சிப்ஸைக்கூட மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். ஜெல்லியில் ஜெலட்டின், வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன். அங்கே ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், முட்டையும் வேண்டாமென்றால் தனியாகச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், ஒளிக்காமல் சொல்வார்கள்.

வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது?

ஏழு மணி என்றால் ஏழு, ஏழு பத்து. முன்னாலேயும் போகாதீர்கள், சமைத்துக்கொண்டிருப்பார்கள். ‘செவன் ஃபார் செவன் தர்ட்டி’ என்று எழுதியிருந்தால் ஏழுக்கு வரலாம், ஏழரைக்குச் சாப்பாடு. கையில் ஒரு பூங்கொத்தோ சாக்லேட் பெட்டியோ போதும்.

முக்கியமான ஒன்று: நம் வீட்டில் “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று மூன்று தடவை சொல்வோம், விருந்தாளி இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை தட்டை நீட்டுவார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் தடவை “வேண்டாம், தேங்க்ஸ்” என்று சொன்னால் பாத்திரம் நகர்ந்துவிடும், பிறகு திரும்பாது. வேண்டுமென்றால் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெரியப்பா ஒருவர் இப்படி மரியாதைக்கு மறுத்துப் பசியோடு திரும்பி, ராத்திரி பத்து மணிக்கு உப்புமா கிண்டச் சொன்னார். அயர்லாந்து மட்டும் நம் பக்கம். ஒரு கப் டீயை மறுத்தால் விடவே மாட்டார்கள்.

டிப்ஸ் எவ்வளவு?

அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் பில்லில் 18 முதல் 20 சதவீதம், கட்டாயம் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய சட்டப்படி முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து அது ஏறவே இல்லை. டிப்ஸ் சேர்ந்தும் சாதாரணக் குறைந்தபட்சக் கூலி வராவிட்டால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும், சில மாநிலங்களில் முழுக் கூலியே உண்டு. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் அந்தப் பரிமாறுகிறவரின் சம்பளமே உங்கள் டிப்ஸ்தான். லண்டனில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கும், பார்த்துவிட்டுக் கொடுங்கள். பப்பில் கவுண்டரில் வாங்கிச் சாப்பிட்டால் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

நம் ‘டிபன்’ அங்கே யாருக்காவது புரியுமா?

வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் இருந்தபோது லேசான பகல் உணவுக்கு வைத்துக்கொண்ட சொல் அது. நாம் அதை இட்லி, தோசை, பொங்கலுக்குக் கொடுத்துவிட்டோம். பிரிட்டனில் இன்று டிபன் கேட்டால் உடைத்த பிஸ்கட்டும் உலர்திராட்சையும் சாக்லேட்டில் கலந்து குளிரவைத்த ஒரு துண்டு இனிப்பைக் கொடுப்பார்கள். கேக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சீட்டில் அந்தப் பெயரை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடனே அம்மாவிடம் பேச வேண்டும் போல இருந்தது. ‘கறி’ அங்கே கர்ரி ஆனது, ‘மிளகுத்தண்ணீர்’ மல்லிகடானி சூப் ஆகி டின்னில் அடைத்து வந்தது. ஆனால் ‘பார்சல்’ என்று சாப்பாட்டுக் கடையில் கேட்காதீர்கள், தபால் என்று நினைப்பார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் டேக்அவே, அமெரிக்காவில் ‘டு கோ’.

பக்கத்து வீட்டு அம்மா மறுபடி கூப்பிட்டாரா?

இதை எழுதச் சொன்ன என் தங்கை கேட்ட கேள்வி. கூப்பிட்டார், அடுத்த புதன்கிழமை ஐந்தரைக்கு. அன்றைக்கு மதியம் ஒரு ஆப்பிளோடு நிறுத்திக்கொண்டேன். அதே பை, அதே பட்டாணி. இரண்டாவது துண்டு வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார், உடனே தட்டை நீட்டினேன்.